பாட்டு கேட்க டேப்லெட்டா, பிளேயரா?

பெரியவர்கள் பாட்டும் உபன்யாசமும் கேட்க ஏதாவது வாங்கலாம் என்றால், உடனே எல்லோருக்கும் தோன்றுவது டேப்லெட்தான். திரை பெரிது, எல்லாம் வரும் என்று வாங்கிவிடுகிறோம். ஆனால் திரையின் அளவை வைத்து டேப்லெட்டையும் எம்பி3 பிளேயரையும் ஒப்பிட்டால் கணக்கு தப்பும். பிளேயர் என்பது மெமரி கார்டில் இருக்கும் கோப்பை எடுத்துப் பாடும் பெட்டி. டேப்லெட் என்பது ஆப் ஓட்டும் கணினி. பாட்டு அதன் பத்து வேலைகளில் ஒன்று.

பேட்டரியைப் பாருங்கள். 2010-இல் வந்த முதல் ஐபேட் டேப்லெட்டின் பேட்டரி 25 வாட்-ஹவர் (பேட்டரியில் அடங்கும் மின்சாரத்தின் அளவு). வீடியோ பார்த்தால் 10 மணி நேரம் தாங்கும் என்று சொன்னார்கள். 2012-இல் வந்த ஐபாட் நானோ என்ற சின்ன பிளேயரின் பேட்டரி ஒரு வாட்-ஹவர்கூட இல்லை, ஆனால் பாட்டு 30 மணி நேரம். சார்ஜைத் தின்பது பாட்டல்ல, எரிகிற திரை. திரையை அணைத்தால் டேப்லெட்டும் நெடுநேரம் பாடும். சிக்கல் என்னவென்றால், யூடியூப் ஆப்பில் சந்தா கட்டாமல் கேட்டால், திரை அணைந்ததும் பாட்டும் நின்றுவிடும். அதனால்தான் பூஜை அறையில் டேப்லெட் காலை முழுக்க எரிந்துகொண்டே இருக்கிறது.

பாட்டு ஆப்பில் "டவுன்லோட்" செய்ததை பிளேயருக்கு மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். அந்தக் கோப்பு பூட்டப்பட்டிருக்கும், அந்த ஆப்பில் மட்டுமே திறக்கும். பிளேயருக்குப் பூட்டில்லாத எம்பி3 கோப்புகள் வேண்டும். 128 கேபிபிஎஸ் (நொடிக்கு 128 கிலோபிட்) தரத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 1 எம்பி ஆகும். 5 நிமிடப் பாட்டு 5 எம்பி என்று வைத்தால், 32 ஜிபி கார்டில் ஆறாயிரம் பாட்டு அடங்கும். உபன்யாசத்துக்கு 64 கேபிபிஎஸ் தாராளம்.

கார்டு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 64 ஜிபி, அதற்கு மேற்பட்ட கார்டுகள் பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற, கோப்புகளை அடுக்கும் முறையில் ஃபார்மட் ஆகி வரும். விலை குறைந்த பிளேயர்கள் பலவற்றுக்கு ஃபேட்32 என்ற பழைய முறை மட்டுமே தெரியும்; கார்டே இல்லை என்று காட்டும். கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுக்கும் முன், ஃபேட்32-இல் ஃபார்மட் செய்து பாருங்கள். அந்த முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. பாட்டுக்கு அது தடையில்லை. முழு நீளப் படம் போடுகிறவர்களுக்குத்தான் இடிக்கும்.

அடுத்தது வரிசை. திருப்புகழை 01, 02 என்று எண் போட்டு ஏற்றியிருப்பீர்கள்; பிளேயரோ ஏழாவதை முதலில் பாடும். விலை குறைந்த பெட்டிகள் பல பெயரைப் பார்ப்பதில்லை, கார்டின் அட்டவணையில் எது முதலில் பதிவானதோ அதைத்தான் முதலில் எடுக்கும். நடுவில் ஒரு பாட்டை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டால், புதியது அழித்த இடத்திலேயே போய் உட்காரவும் கூடும். ஃபோல்டரை முழுதாக அழித்துவிட்டு, பாட்டுகளை ஒவ்வொன்றாக, வேண்டிய வரிசையில் காப்பி செய்தால் சரியாகும். லினக்ஸ் தெரிந்தவர்கள் ஃபேட்சார்ட் என்ற நிரலால் ஒரே கட்டளையில் முடித்துவிடலாம்.

தமிழ்ப் பெயர்கள் தனித் தலைவலி. பிளேயரில் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் பாட்டின் பெயர் கட்டம் கட்டமாக வரும். எழுத்துரு இருந்தும் எழுத்தைக் கோக்கத் தெரியாத பெட்டிகள் உண்டு. "கேசவா" என்று இருந்தால், இரட்டைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். டேப்லெட்டில் இந்தத் தொல்லை கிடையாது. பிளேயரில், கோப்பின் பெயரையும் உள்ளே பாட்டின் பெயர், பாடியவர் விவரம் எழுதியிருக்கும் ஐடி3 குறிப்பையும் இரண்டையுமே ஆங்கில எழுத்தில் மாற்ற வேண்டும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு, இன்னும் கட்டமே வருகிறது என்று தவிப்பவர்கள் அதிகம். திரையில் தெரிவது பெரும்பாலும் உள்ளே இருக்கும் குறிப்புதான்.

இரண்டுக்கும் நடுவில் இருந்தது ஐபாட் டச். உருவம் பிளேயர், உள்ளே ஐபோனின் மென்பொருள். 2022 மே மாதம் ஆப்பிள் அதை நிறுத்தியது. 2019-இல் வந்த கடைசி மாடல் ஐஓஎஸ் 15 என்ற மென்பொருள் பதிப்புடன் நின்றுவிட்டது. ஆப்பை நம்பியிருக்கும் கருவி மூப்படைவது இப்படித்தான்: உடம்பு நன்றாக இருக்கும், ஆப் "உங்கள் பதிப்பு பழையது" என்று கதவை மூடிவிடும். பிளேயர் மூப்படைவது பேட்டரியிலும் ஹெட்போன் சொருகும் துளையிலும்.

ஏற்கெனவே டேப்லெட் இருந்தால் அதையே பிளேயராக்கலாம். கோப்புகளை ஏற்றி, விஎல்சி என்ற ஆப்பைப் போட்டு, ஏரோபிளேன் மோடில் வைத்துத் திரையை அணைத்துவிடுங்கள். ஹெட்போன் துளை இல்லாத டேப்லெட் என்றால் டைப்-சி இணைப்பான் தேவைப்படும். வெறும் கம்பி மட்டும் உள்ள மலிவான இணைப்பான் பல டேப்லெட்டுகளில் ஊமையாகவே இருக்கும். ஒலியை மாற்றித் தரும் டாக் (DAC) சிப் உள்ளேயே இருப்பதாகக் கேட்டு வாங்குங்கள்.