தாங்கிக்கும் வேர்க்கும்

சித்திரை வருடப்பிறப்புக்கு ஐந்து நாள் இருக்கும்போது, விடியப்புறம் ஐந்தரை மணிக்கு மட்டக்களப்பு வாவியின் பாலமீன்மடுவில் நங்கூரத்தைத் தூக்கினேன். மாரி முழுக்கக் கட்டியே கிடந்த படகு. எஞ்சின் முதல் சுழற்றிலேயே பிடித்தது. வாவிக்குள் ஒரு குறையும் சொல்லாமல் ஓடியது. முகத்துவாரத்தைத் தாண்டி முதல் இரண்டு அலை தூக்கிப் போட்டதும் சத்தம் மாறிவிட்டது. முட்டு வருத்தக்காரர் படி ஏறுவதுபோல ஏறி இறங்கி இழுத்து, அப்படியே நின்றது. காற்றும் இல்லை. பாயை ஏற்றிப் பார்த்தேன், கொடியில் காயப்போட்ட சேலை மாதிரித் தொங்கியது.

நங்கூரத்தைப் போட்டுவிட்டு எஞ்சின் மூடியைத் திறந்தேன். டீசல் தாங்கிக்கும் எஞ்சினுக்கும் நடுவில் தண்ணீர் பிரிக்கும் பில்டர் ஒன்று இருக்கிறது, அடியில் கண்ணாடிபோலத் தெரியும் கிண்ணத்தோடு. அதில் டீசல் மஞ்சளாக நிற்க வேண்டும். நின்றது பழைய கோப்பித்தண்ணி நிறத்தில் ஏதோ ஒன்று. அதற்குக் கீழே இரண்டு விரல் உயரத்துக்குக் கலங்கிய தண்ணீர். இருந்த ஒரே புது பில்டரைப் போட்டு, எயார் எடுத்து, அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றி, ஸ்டார்ட் பண்ணினேன். பத்து நிமிடம் ஓடியது. மறுபடி அதே இழுப்பு. கடைசியில் மீன்பிடித்துத் திரும்பிய வள்ளம் ஒன்றுதான் கயிறு போட்டு இழுத்து வந்தது. இழுத்து வந்தவர் காசு வாங்கவில்லை. "டீசல் எஞ்சின் எண்டா இப்பிடித்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவருடையது மண்ணெண்ணெயில் ஓடும் வெளி எஞ்சின். 2022 ஆவணியில் மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவாக 340 ரூபாய்க்குப் போனபோது அவர்கள் பட்ட பாட்டை நினைத்துப் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

படகைப் பற்றிக் கொஞ்சம். பெயர் நீரரமகள். 22 அடி பைபர்கிளாஸ், 1980களில் வார்த்தது. வெளிநாட்டவர் ஒருவர் திருகோணமலையில் விட்டுப்போனதை இரண்டு கை மாறி வாங்கினேன். எஞ்சின் யன்மார் 1ஜீஎம்10: ஒற்றைச் சிலிண்டர், 318 சீசீ, 9 குதிரைவலு, கடல் தண்ணீரிலேயே குளிரும் வகை. பாய்மரம் உயரம் என்பதால் கல்லடிப் பாலத்துக்கு அடியால் போக முடியாது. அதனால் பாலத்துக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில்தான் என் ராச்சியம்.

கரைக்கு வந்ததும் நான் முதலில் செய்தது எரிபொருள் நிலையத்தைத் திட்டியது. 2022 எரிபொருள் தட்டுப்பாட்டு வரிசைக் காலத்தில் கானோடு நின்று வாங்கிய டீசல்தான் தாங்கியில் பாதி கிடந்தது. அப்போது எந்த நிலத்தடித் தாங்கியின் அடிமண்டி எல்லாம் வந்ததோ என்று நானே கதை கட்டிக்கொண்டேன். பக்கத்து வாடிக்கார மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "வெக்கைக்கு மனிசனுக்கு மட்டுமா வேர்க்கும், தாங்கிக்கும் வேர்க்கும் மனே" என்றார். பாதி வெறுமையான தாங்கிக்குள் ஈரக்காற்று நிற்கும். இரவில் குளிரும்போது அந்த ஈரம் சுவரில் துளியாகப் படிந்து கீழே இறங்கும். டீசல் தண்ணீரைவிட இலேசு என்பதால் இறங்கிய தண்ணீர் அடியிலேயே தங்கிவிடும். மாமா சொன்னது பிழையில்லை. ஆனால் முழுக்கச் சரியுமில்லை என்பது பத்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

தாங்கி 40 லீட்டர், துருப்பிடிக்காத இரும்பு. மேலே டீசல் மட்டம் காட்டும் மானி பொருத்தும் வட்டத் தட்டைக் கழற்றினால் என் கை முழங்கை வரை போகும். கைப்பம்பின் குழாயை அடிமூலை வரை இறக்கி, முதல் வந்ததைத் தனியாக ஒரு பெரிய தெளிந்த போத்தலில் பிடித்தேன். மிச்சத்தை வேறு கான்களில். எல்லாவற்றையும் இரண்டு நாள் நிழலில் ஆடாமல் வைத்தேன். அவசரப்பட்டு வடித்திருந்தால் இந்தக் காட்சியைக் கண்டிருக்க மாட்டேன்: அடியில் தண்ணீர், மேலே டீசல், இரண்டுக்கும் நடுவே பாலாடைபோல ஒரு கறுத்த தோல். போத்தலைச் சரித்தால் அந்தத் தோலும் கிழியாமல் சரிகிறது.

இங்கே எல்லோரும் இதைப் பாசி என்கிறார்கள். பாசி வளர வெளிச்சம் வேண்டும், தாங்கிக்குள் ஏது வெளிச்சம்? இது பூஞ்சையும் பக்டீரியாவும். குடியிருப்பு தண்ணீரில், சாப்பாடு டீசலில். அதனால் இரண்டும் சந்திக்கும் கோட்டிலேதான் படை படையாக வளரும். மட்டக்களப்பு வெக்கை அதற்கு வருடம் முழுக்க வசதி. அது கழிக்கும் அமிலம் தாங்கியையும் பம்பையும் மெல்ல அரிக்கும். கட்டி நிற்கும்போது அடியில் சமர்த்தாக இருக்கும், அலை தூக்கிப் போட்டால்தான் கலங்கி உறிஞ்சுகுழாய்க்குள் போகும். வாவிக்குள் ஓடியதும் முகத்துவாரத்தில் நின்றதும் இதனால்தான். எஞ்சினுக்கு என்மேல் கோபம் ஒன்றுமில்லை.

அடியில் நின்ற தண்ணீரை அளந்தேன். இரண்டேமுக்கால் லீட்டர். அங்கேதான் எனக்கு ஐமிச்சம் வந்தது. வேர்வை துளித்துளியாகச் சேர்வது. இரண்டு மாரியில் இவ்வளவு வேர்க்குமா? தட்டு ஒன்றில் கொஞ்சத்தை வெயிலில் வைத்தேன். காய்ந்தபின் பழுப்புக் கறை இருந்தது, உப்பு பூக்கவில்லை. அப்படியென்றால் வாவித் தண்ணீரோ கடல் தண்ணீரோ இல்லை, நல்ல தண்ணீர். எரிபொருள் நிலையத்தின்மேல் இருந்த சந்தேகம் இன்னும் உறுதியாயிற்று. அன்று மாலையே அது உடைந்தும் போயிற்று. கொட்டிலில் பழைய வலைக்குப் பின்னால் அதே நாள் அதே வரிசையில் வாங்கிய இன்னொரு கான், மூடி இறுக்கியபடி கிடந்தது. திறந்து தெளிந்த போத்தலில் ஊற்றினேன். நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது, அவ்வளவுதான். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஊர் முழுக்க அந்த நிலையத்தைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தேன். மச்சானிடம் மட்டும் திருத்திச் சொன்னேன். மற்றவர்களுக்கு இன்னும் சொல்லவில்லை.

அடுத்த மூன்று நாள் தாங்கி கழுவல். தும்பு, பஞ்சு எதையும் உள்ளே விடவில்லை, ஒரு நார் போதும் மறுபடி குழாயை அடைக்க. பழைய சாரத்தைக் கிழித்து, வளைத்த கம்பியில் சுற்றி, நல்ல டீசலில் நனைத்துத் துடைத்தேன். முதல் நாள் துணி கறுப்பு, இரண்டாம் நாள் பழுப்பு, மூன்றாம் நாள்தான் துணி துணியாக வந்தது. உறிஞ்சுகுழாயின் நுனியில் சின்னச் சல்லடை ஒன்று இருந்தது, யார் போட்டார்களோ. களிம்பு நிறைந்து, ஊதினால் காற்றுக்கூடப் போகாது. படகு ஆடும்போது கை விட்டுத் துப்புரவாக்க முடியாத இடத்தில் சல்லடை எதற்கு? கழற்றி எறிந்துவிட்டேன். அழுக்கைப் பிடிப்பது பில்டரின் வேலை, அதைத்தான் கடலில் வைத்து மாற்றலாம். கழிந்த டீசல் தெரிந்த கராஜ் ஒன்றுக்குச் சாமான் கழுவப் போனது. தண்ணீரும் களிம்பும் அவர்களுடைய கழிவு ஒயில் பீப்பாய்க்குள். வாவியில் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அதே வாவியில் மட்டி கிண்டிச் சாப்பிடுகிறோம்.

வீட்டில் ஒரு கிழமையாகச் சாப்பாட்டில் டீசல் மணக்கிறது என்று முறைப்பாடு. நான்தான் சமைக்கவில்லையே என்றேன். எடுபடவில்லை.

தாங்கி வெறுமையாகக் காய்ந்து கிடந்த இரவில்தான் அந்தச் சோதனை. மேல்தட்டில் டீசல் ஊற்றும் வாய்க்கு ஒரு திருகு மூடி உண்டு, அதன் கழுத்தில் ரப்பர் வளையம். மழை பெய்தால் அந்த இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்பதை எத்தனையோ தரம் கண்டிருக்கிறேன். சட்டைக்குப் போடும் சொட்டுநீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் கலந்து, மூடியைச் சுற்றிக் களிமண்ணால் வரம்பு கட்டி ஊற்றி விட்டேன். விடிய மானித் தட்டைக் கழற்றி டோர்ச் அடித்தால், ஊற்றுகுழாயின் வாயிலிருந்து தாங்கியின் அடிவரை நீலக்கோடு. மூடியைத் திருப்பிப் பார்த்தேன். ரப்பர் வளையம் கல்லாக இறுகி, மூன்று இடத்தில் வெடித்திருந்தது. இரண்டு மார்கழி மழையும் அந்த வெடிப்பால்தான் இறங்கியிருக்கிறது. ஒரு தேநீர்க் காசுக்கு வரும் வளையம்.

புது வளையத்துக்குக் கொஞ்சம் கிரீஸ் பூசிப் போட்டேன். டீசல் குழாய்களும் எல்லாம் புதிது. உறிஞ்சும் பக்கத்தில் ஒரு விசித்திரம் இருக்கிறது. பொருத்து தளர்ந்தால் டீசல் வெளியே கசியாது, காற்று உள்ளே போகும். துணியால் தடவிப் பார்த்து "காய்ஞ்சுதான் இருக்கு" என்று நம்பினால் ஏமாந்தோம். செம்பு வொஷர்களையும் பழையதைப் போடாமல் மாற்றினேன். தண்ணீர் பிரிக்கும் பில்டரில் முன்பு 2 மைக்ரோன் துளையுள்ள மண்ணிறப் பில்டர் போட்டிருந்தேன். நுண்ணியதுதான் நல்லது என்று நினைத்த காலம். அது சீக்கிரமே அடைபடும். இப்போது நீலம், 10 மைக்ரோன். அதற்குப் பிறகு எஞ்சினில் இருக்கும் பில்டர் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எயார் எடுப்பது. இதில்தான் நான் ஒரு முழுப் பகலைத் தொலைத்தேன். எஞ்சின் பில்டரின் மேலுள்ள திருகாணியைத் தளர்த்தி, டீசல் பம்பின் சின்ன நெம்பைக் கட்டைவிரலால் அமுக்க அமுக்க, நுரை வந்து பிறகு குமிழில்லாத டீசல் வரவேண்டும். எனக்கு நெம்பு செத்துப்போனது மாதிரி இருந்தது. அமுக்கினாலும் எதிர்ப்பே இல்லை. பம்ப் போயிற்று என்று முடிவு கட்டி, விலைகூட விசாரித்துவிட்டேன். வாழைச்சேனைப் பக்கம் மீன்பிடிப் படகு எஞ்சின் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் ஒருவர் போனிலேயே சிரித்தார். "தம்பி, உள்ளுக்குக் காம் தள்ளிப் பிடிச்சிரிக்கும். எஞ்சினக் கையால அரைச் சுற்றுச் சுத்திப்போட்டு அமுக்கு." சுற்றினேன். பம்பைத் தள்ளும் காம் விலகியதும் நெம்புக்கு உயிர் வந்தது.

பிறகு சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரின் குழாய் நட்டை ஒரு சுற்றுத் தளர்த்தி, அமுக்கம் விடுவிக்கும் நெம்பைத் தூக்கி, ஸ்டார்ட்டரால் சுற்ற வேண்டும். அங்கே விட்டுவிட்டுத் துளி தெறித்தால் இறுக்கலாம். முகத்தையும் கையையும் தள்ளி வைப்பது நல்லது, இன்ஜெக்டர் அமுக்கத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இதைச் செய்யும்போது கடல் தண்ணீர் எடுக்கும் வால்வை மூட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. எஞ்சின் பிடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தால் தண்ணீர்ப் பம்ப் மட்டும் வேலை செய்து புகைப்பெட்டியை நிரப்பும், அதை வெளியே தள்ளப் புகை இல்லை. நிரம்பிய தண்ணீர் புகைவால்வு வழியாகச் சிலிண்டருக்குள் இறங்கினால் எஞ்சின் கதை முடிந்தது. அண்ணன் போனில் "வால்வு மூடியா?" என்று கேட்ட நேரம் நான் எட்டாவது தரம் சுற்றியிருந்தேன். புகைப்பெட்டியின் அடி ஆணியைக் கழற்றினால் அரை வாளி தண்ணீர். தப்பினேன். எஞ்சின் பிடித்த உடனேயே வால்வைத் திறக்க மறக்கவும் கூடாது, தண்ணீர்ப் பம்புக்குள் சுழலும் ரப்பர் இம்பெல்லர் வரண்டு ஓடினால் கருகிவிடும்.

இம்பெல்லர் என்றதும் அதையும் கழற்றினேன். ஆறு இதழில் ஒன்று இல்லை. காணாமல் போன இதழ் எங்காவது போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் தேடித் தேடி, கடைசியில் தெர்மோஸ்டாட் கூட்டுக்கு முந்திய குழாய் வளைவில் பிடித்தேன். எஞ்சினின் சிங்க் கட்டை கரைந்த கற்கண்டு மாதிரி விரல்நுனி அளவுக்கு வந்திருந்தது. உப்புத் தண்ணீரில் இரும்புக்குப் பதிலாக அரிபடத்தான் அது இருக்கிறது, ஆகவே வேலையைச் செய்திருக்கிறது. ஒயிலும் பில்டரும் மாற்றினேன். பாய்மரக் கம்பிகளில் பஞ்சை உருவிப் பார்த்தேன். இடது பக்கக் கம்பியில் கீழ்ப்பொருத்துக்குக் கிட்டப் பஞ்சு சிக்கியது, ஒரு இழை அறுந்திருக்கிறது. அந்தக் கம்பி மாறும்வரை பெரிய பாய் ஏறாது.

கிருமி கொல்லும் மருந்து கொழும்பிலிருந்து வரவழைத்தேன். அழுக்குத் தாங்கியில் அதை ஊற்றிப் பயனில்லை, செத்த பூஞ்சையும் பில்டரைத்தான் அடைக்கும். கழுவிய தாங்கியில் போத்தலில் எழுதியிருந்த அளவுக்கு ஊற்றி, மேலே 38 லீட்டர் புது டீசல். வேர்க்க இடமே கொடுக்கவில்லை. மண்ணெண்ணெய் கலந்தால் பூச்சி பிடிக்காது என்று இரண்டு பேர் சொன்னார்கள். பம்புக்கு டீசலின் வழுவழுப்புத்தான் எண்ணெய், அதைக் குறைக்க எனக்கு விருப்பமில்லை.

வைகாசியில் நான்கு தரம் வெளியே போனேன், ஒரு தரம் நல்ல அலையில். ஒவ்வொரு தரமும் திரும்பி வந்து கிண்ணத்தின் அடிக் குழாயைத் திறந்து ஜாம் போத்தல் ஒன்றில் கொஞ்சம் வடித்துப் பார்க்கிறேன். முதல் தரம் கடுகளவு இரண்டு துளி உருண்டது. பிறகு இல்லை. மாரிக்கு முன்னேற்பாடாக ஊற்றும் வாய்க்கு மேல் தயிர்ச் சட்டி ஒன்றைக் கவிழ்த்துக் கட்டி வைத்திருக்கிறேன். வாடிக்கார மாமா அதைப் பார்த்துவிட்டு, வேர்வைக்கும் சேர்த்து ஒரு விசிறி வாங்கிக் கொடு என்கிறார். இனிப் பார்க்க வேண்டியது சுழலித் தண்டின் பொட்டி, தண்டு படகை விட்டு வெளியேறும் இடத்தில் தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது. நிமிடத்துக்கு இரண்டு மூன்று துளி விழுந்தால் நல்லது, இப்போது பன்னிரண்டு விழுகிறது.