உருகும் துளியைக் காத்தவர்கள்

கறுப்புக் கண்ணாடி வழியாக வெல்டிங் ஆர்க்கை, அதாவது உலோகத்தை உருக்கும் மின்வில்லைப் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகத் தெரியும். வெல்டிங் ராடின் நுனியில் இரும்பு உருகி, கடுகளவு துளியாகத் திரண்டு, ஒரு கணம் ஊசலாடி, கீழே பளபளத்துக் கிடக்கும் உருகிய உலோகத்தில் விழுந்து கலந்துவிடும். அது கலந்து முடிவதற்குள் அடுத்த துளி திரளத் தொடங்கியிருக்கும். திருச்சிக்குக் கிழக்கே துவாக்குடிப் பகுதிப் பட்டறைகளில் மேற்பார்வையாளனாகவும் பின்னர் ஆய்வாளனாகவும் இருபத்தெட்டு ஆண்டுகள் வேலை செய்திருக்கிறேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட ஒரு கருத்து உண்டு. மின்வில் பற்றவைப்பில் நிகழ்ந்த பெரிய கண்டுபிடிப்புகளில் பெரும்பாலானவை அந்தத் துளியைப் பற்றியவையே. முதலில் காற்று அதைத் தீண்டாமல் காக்க வேண்டியிருந்தது. பிறகு அது எப்போது, எந்த அளவில் விழ வேண்டும் என்பதை மனிதன் முடிவு செய்ய விரும்பினான்.

தொடக்கத்தில் துளியே இல்லை. ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த நிக்கோலாய் பெனார்டோஸ் 1881-இல் கார்பன் தண்டுக்கும் உலோகத்துக்கும் இடையே மின்வில்லை எழுப்பி உலோகத்தை இணைத்துக் காட்டினார். 1885 முதல் பல நாடுகளில் அதற்குக் காப்புரிமை பெற்றார். கிரேக்கர்களின் கொல்லுத் தெய்வமான ஹெஃபேஸ்டஸின் பெயரையே அந்த முறைக்கு அவர் சூட்டினார். அதில் கார்பன் தண்டு வெப்பம் தருவதோடு சரி. இட்டு நிரப்ப வேண்டிய உலோகத்தைத் தனிக் கம்பியாகக் கொடுக்க வேண்டும். பெர்ம் நகரப் பீரங்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய நிக்கோலாய் ஸ்லாவ்யானோவ் 1888-இல் கார்பனை நீக்கிவிட்டு, உருகும் உலோகத் தண்டையே மின்வாயாக்கினார். மின்சாரத்தைக் கொண்டுவரும் தண்டே உருகித் துளியாக விழுந்து இணைப்பை நிரப்பியது. இன்று கிராமத்துக் கேட் பட்டறை வரை எல்லோரும் செய்வது அதைத்தான். 1893-ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சிக்கு அவர் வெண்கலம், நிக்கல், எஃகு, வார்ப்பிரும்பு, செம்பு என எட்டு வகை உலோகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஆர்க்கால் இணைத்துச் செய்த ஒரு கோப்பையை அனுப்பிப் பதக்கமும் பெற்றார். வார்ப்பிரும்பின் மேல் செம்பு பிடிக்கப் படும் பாட்டை அறிந்தவன் என்ற முறையில், அந்தக் கோப்பையை ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆனால் வெறும் கம்பியிலிருந்து விழுந்த துளி காற்றில் நனைந்தே விழுந்தது. பல ஆயிரம் டிகிரி வெப்பத்தில் இரும்பு ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தாராளமாக உறிஞ்சிக்கொள்ளும். ஆறும்போது அவை குமிழிகளாக அகப்பட்டுத் துளைகளாகும். உலோகத்தோடு சேர்ந்துவிட்டால் அதை நொறுங்கும் தன்மை உடையதாக்கும். பார்வைக்கு நல்ல இணைப்பு, ஒரு சுத்தியல் அடியில் பிஸ்கெட் போல உடைந்துவிடும். சுவீடனில் கப்பல்களின் நீராவிக் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருந்த பொறியாளர் ஆஸ்கர் ஷெல்பெரி இதற்குத் தீர்வு கண்டார். 1904-இல் கோத்தன்பர்க் நகரில் ஈசாப் நிறுவனத்தைத் தொடங்கிய அவர், இரும்புக் கம்பியைக் கார்பனேட்டுகளும் சிலிக்கேட்டுகளும் கலந்த குழம்பில் தோய்த்து உலர்த்திப் பயன்படுத்தினார். நாம் இன்று சர்வசாதாரணமாக ராடு என்று சொல்லும் பொருள் அப்படித்தான் பிறந்தது.

அந்தப் பூச்சு செய்யும் வேலைகளை எண்ணிப் பார்த்தால் வியப்பு தீராது. எரியும்போது அது வாயுவாகித் துளியைச் சுற்றிப் போர்வை போர்த்துகிறது. பொட்டாசியம் போன்றவை கலந்திருந்தால் மின்வில் அணையாமல் நிலைத்து நிற்கிறது. மாங்கனீசும் சிலிக்கனும் உருகிய உலோகத்திலுள்ள ஆக்சிஜனைப் பிடித்து வெளியேற்றுகின்றன. எஞ்சியது ஸ்லாக் எனும் கசடாக உருகி மேலே மிதந்து, ஆறும் உலோகத்துக்கு மூடியாகிறது. ஆம்பியரும் ராடின் சாய்வும் சரியாக அமைந்த ஒரு ரன்னை, அதாவது இணைப்பு நெடுக ஒருமுறை இடும் வரியை, முடித்துவிட்டுச் சற்றுக் காத்திருந்தால், ஸ்லாக் டிக், டிக் என்ற சிறு ஒலியுடன் ஒரு முனையிலிருந்து தானாகவே மேலெழுந்து, பாம்புச் சட்டை போல வளைந்து கழன்று வரும். அடியில் மீன்செதில் அடுக்கைப் போன்ற வெள்ளி நிற வரி தெரியும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

காற்றைத் தடுத்த பூச்சே வேறொரு பகைவனை உள்ளே கொண்டுவந்தது. பூச்சு ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் ஆர்க்கின் வெப்பத்தில் பிரிந்து ஹைட்ரஜனாகி, உருகிய இரும்பில் கரையும். இரும்பு இறுகியபின் வெளியேற வழியற்ற ஹைட்ரஜன், இணைப்பை ஒட்டிக் கடினப்பட்டிருக்கும் பகுதிக்கு நகர்ந்து, பல மணி நேரம் கழித்து, சில சமயம் ஓரிரு நாள் கழித்து, விரிசலை உண்டாக்கும். சுண்ணாம்புக்கல்லும் ஃப்ளூர்ஸ்பாரும் அடிப்படையான குறைந்த ஹைட்ரஜன் ராடுகள் இதற்காகவே உருவாக்கப்பட்டன. நம் பட்டறைகளில் 7018 என்று எண்ணால் அழைக்கப்படும் ராடு அந்த வகையைச் சேர்ந்தது. அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கங்கள் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவலிமையைக் குறிக்கின்றன என்பதைப் பல ஆண்டுகள் அந்த ராடைப் பிடித்தவர்களே என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதுண்டு.

அந்த ராடை நம்பியே நான் ஒருமுறை ஏமாந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் மேற்பார்வை பார்த்த ஒரு பட்டறையில், 40 மி.மீ. தகடுகளால் ஆன ஓர் அடிச்சட்டத்தை ஐப்பசி மழைக்கு நடுவே பற்றவைத்தோம். மதர் அவன் எனும் பெரிய மின்னடுப்பில் 350 டிகிரி செல்சியஸில் சுட்டு, போர்ட்டபிள் அவன் எனும் சிறிய அடுப்பில் சூடு ஆறாமல் வைத்து எடுக்க வேண்டிய ராடுகளை, அவசரம் என்று சொல்லி, பிரித்து வைத்திருந்த பாக்கெட்டிலிருந்து நேராக எடுத்துப் பயன்படுத்த நான் அனுமதித்துவிட்டேன். சனிக்கிழமை மாலை பார்த்தபோது ஒரு குறையும் தெரியவில்லை. திங்கட்கிழமை அல்ட்ராசானிக் கருவி வைத்துப் பார்த்தவர் ஒன்றும் பேசாமல் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே போனார். இணைப்பின் ஓரமாக, உள்ளே, ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அத்தனையையும் கௌஜிங் செய்து குடைந்தெடுத்து, தகட்டுக்கு முன்சூடு கொடுத்து, மறுபடி நிரப்ப ஆறு நாட்களாயின. கௌஜிங் என்பது கார்பன் தண்டின் ஆர்க்கால் உலோகத்தை உருக்கி அழுத்தக் காற்றால் ஊதித் தள்ளுவது. பெனார்டோஸ் இணைப்பதற்காகப் பிடித்த அதே கார்பன் தண்டு என் பிழையைப் பிரித்தெடுக்க வந்து நின்றது. அதற்குப் பிறகு வந்த மூத்த வெல்டர் ஒருவர், "தம்பி, அவன்ல இருந்து எடுத்த ராடைக் கையில வச்சுக்கிட்டு நின்னு பேசாதீங்க, பேசுறதா இருந்தா ராடை உள்ள வச்சிட்டு வந்து பேசுங்க" என்பார். அவர் பேச்சை நான் ஒருபோதும் தட்டியதில்லை.

பூச்சே இல்லாமல் துளியைக் காக்க முடியுமா என்ற கேள்விக்கு விமானத் தொழிலில் விடை கிடைத்தது. மெக்னீசியம் விமானம் கட்ட விரும்பிய அமெரிக்க நார்த்ராப் நிறுவனத்தில் ரஸ்ஸல் மெரிடித், உருகாத டங்ஸ்டன் மின்வாயைச் சுற்றி ஹீலியம் வாயுவைப் பாய்ச்சும் டார்ச்சை (வெல்டர் கையில் பிடிக்கும் கருவியை) உருவாக்கி 1942-இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்ததே இன்றைய டிக் வெல்டிங். ஹீலியத்தின் இடத்தில் நாம் ஆர்கானைப் பயன்படுத்துகிறோம். கொதிகலன் குழாய்களின் முதல் ரன்னை இன்றும் பெரும்பாலும் டிக்கில்தான் இடுகிறார்கள். கொதிகலன் தொழிலை நம்பி வளர்ந்த எங்கள் ஊர்ப்பக்கம் டிக் வெல்டருக்கு இருக்கும் மதிப்பே தனி. 1948-இல் அமெரிக்காவின் பட்டெல் ஆய்வு நிலையத்தில், சுருளிலிருந்து இடைவிடாமல் வரும் கம்பியையே மின்வாயாக்கி வாயுப் போர்வைக்குள் உருக்கும் மிக் முறை உருவானது. 1953 வாக்கில் சோவியத் ஆய்வாளர்கள் விலை குறைந்த கார்பன் டை ஆக்சைடைக் கொண்டு அதை எஃகுக்குப் பொருத்தினார்கள். நம் பட்டறைகளில் அதற்கு சி.ஓ.டூ. வெல்டிங் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

போர்வைச் சிக்கல் ஏறக்குறைய தீர்ந்த பிறகே துளியின் விருப்பத்தைக் கேட்காமல் அதை ஆள்வது பற்றி யோசிக்க முடிந்தது. சி.ஓ.டூ.வில் மெல்லிய தகட்டைப் பற்றவைக்கும்போது, கம்பி நுனி உருகிய உலோகக் குட்டையைத் தொட்டதும் மின்சாரம் திடீரென உயர்ந்து, துளிக்கும் கம்பிக்கும் இடையிலான மெல்லிய கழுத்து ஃபியூஸ் கம்பி போல வெடித்து அறும். சட்டையைப் பொத்தலாக்கும் தீப்பொறிகள் அந்த வெடிப்பிலிருந்து வருபவை. 1960-களில் பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் மின்சாரத்தை அலையலையாக ஏற்றி இறக்கி, ஓர் அலைக்கு ஒரு துளி என்று தொடாமலே உதிர வைக்கும் வழியைக் கண்டார்கள். ஆஸ்திரியாவின் ஃப்ரோனியஸ் நிறுவனம் 2000-களில் கொண்டுவந்த சி.எம்.டி. முறை அதையும் கடந்து சென்றது. கம்பி குட்டையைத் தொட்ட கணத்தில் கருவி மின்சாரத்தை ஏறக்குறைய முழுவதும் குறைத்துவிடும். டார்ச்சுக்குள் இருக்கும் மோட்டார் கம்பியைச் சற்றே பின்னிழுக்கும். குட்டையின் பரப்பு இழுவிசையே துளியை நோகாமல் வாங்கிக்கொள்ளும். வெடிப்பும் இல்லை, பொறியும் இல்லை. விநாடிக்குச் சுமார் 70 முறை இப்படி முன்னும் பின்னும் போய்வரும் கம்பியை முதன்முதலில் மெதுவோட்டப் படத்தில் பார்த்தபோது, பாலாடைச் சங்கால் குழந்தைக்குப் பால் புகட்டும் கைதான் என் நினைவுக்கு வந்தது. வெப்பம் அவ்வளவு குறைந்ததால், துத்தநாகம் பூசிய எஃகுத் தகட்டோடு அலுமினியத் தகட்டை இணைப்பதுகூட இயலும் காரியமாயிற்று.

இதற்கெல்லாம் அடியில், வெல்டிங்குக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் மெஷின் இருக்கிறது. விநாடிக்கு 50 சுழற்சி கொண்ட மின்சாரத்தில் வேலை செய்யும் பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்பு உள்ளகமும் செம்புச் சுற்றும் சேர்ந்து நூறு கிலோவுக்குமேல் தேவைப்படும். இரண்டு ஆள் தள்ளினால்தான் நகரும். அதே மின்சாரத்தை முதலில் நேர்மின்சாரமாக்கி, ஐ.ஜி.பி.டி. எனும் அதிவேக மின் சுவிட்சுச் சில்லுகளால் விநாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டினால், ஒவ்வொரு சுழற்சியிலும் உள்ளகம் சுமக்க வேண்டியது அவ்வளவு குறைகிறது. டிரான்ஸ்ஃபார்மர் கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. தோளில் மாட்டிக்கொண்டு மாடியேற முடிகிறது என்பதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். வேகத்தையே நான் பெரிதாக நினைக்கிறேன். விநாடிக்குச் சில நூறு முறை மட்டும் தன்னைத் திருத்திக்கொள்ளும் பழைய மெஷினால் ஒரு துளி பிரியும் கணத்தைப் பிடிக்கவே முடியாது.

துளியைப் பார்க்கும் கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் ராடைச் சரியான இடத்தில் நிறுத்தி, தலையைச் சட்டென அசைத்து முகமூடியைக் கவிழ்த்து, இருட்டில் ஆர்க் அடிக்க வேண்டும். சிறு டேக் (தகடுகளைத் தற்காலிகமாகப் பிடித்து நிறுத்தும் பொட்டு) போடுவதற்கு முகமூடி எதற்கு என்று கண்ணை மட்டும் மூடிக்கொண்டு அடித்தவர்கள், இரவில் கண்ணில் மணல் கொட்டியது போன்ற எரிச்சலோடு உருளைக்கிழங்கு வில்லையை இமைமேல் வைத்துக்கொண்டு படுத்துக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். 1981-இல் சுவீடனின் ஓகே ஹோர்னெல் திரவப் படிகத்தாலான கண்ணாடியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்றைய கண்ணாடிகள் ஆர்க் எழுந்த கணத்திலிருந்து விநாடியின் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் கறுத்துவிடுகின்றன. புறஊதாக் கதிரைத் தடுக்கும் படலமோ கறுத்தாலும் கறுக்காவிட்டாலும் எப்போதும் வேலை செய்கிறது. இப்போது அது சிறு பட்டறைக்கும் எட்டும் விலையில் கிடைக்கிறது.

மூச்சுக்கு இன்னும் அப்படி ஒரு வழி பிறக்கவில்லை. வெல்டிங் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-இல் முதல் வகுப்பில் சேர்த்துவிட்டது. டார்ச்சின் வாயைச் சுற்றியே புகையை உறிஞ்சும் அமைப்புகள் வந்திருக்கின்றன. அவற்றில் பெரிய சிக்கல், உறிஞ்சும் விசை சற்றுக் கூடினாலும் புகையோடு காப்பு வாயுவும் போய்விடுவதுதான். காற்று மறுபடியும் துளியைத் தீண்டும், துளைகள் விழும். குறைத்தாலோ புகை வெல்டரின் மூக்குக்குப் போகிறது. துளிக்கும் நுரையீரலுக்கும் ஒரே நேரத்தில் பொருந்தும் அந்த அளவைக் கம்பியின் வேகத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் டார்ச் ஒன்று, எங்கள் பட்டறைகள் வாங்கக்கூடிய விலையில் வர வேண்டும் என்று காத்திருக்கிறேன். சென்ற மாதம் நான் போயிருந்த ஒரு பட்டறையில், ஐ.டி.ஐ. முடித்து வந்திருந்த பையன் ஒருவன் தானாகக் கறுக்கும் புதிய ஹெல்மெட் அணிந்திருந்தான். அதற்குள் மூக்கைச் சுற்றி, நனைத்துப் பிழிந்த ஒரு துண்டைக் கட்டியிருந்தான்.