அந்த ஒற்றை ஸ்டார்களை முதலில் உட்கார்ந்து படியுங்கள்

ரியல் எஸ்டேட் தொழில் செய்யும் நண்பர் போன வாரம் போன் செய்தார். கூகுளில் அவர் கம்பெனி பெயரைத் தட்டினாலே வாடிக்கையாளர்கள் ஒரே ஒரு ஸ்டார் போட்டு ரிவ்யூவில் எழுதிய திட்டுதான் முதலில் வருகிறதாம், பேசி முடித்த இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டுப் பின்வாங்கிவிட்டார்களாம், எப்படியாவது அதையெல்லாம் எடுத்துவிட முடியுமா என்று கேட்டார். குரலிலேயே தூக்கமில்லாதது தெரிந்தது. நான் சில வருடங்கள் வீடு, மனை விற்கும் ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் வேலையில் இருந்தவன் என்பதால் இந்தக் கேள்வி எனக்குப் பழக்கம். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதி வைக்கிறேன்.

பெரும்பாலும் எடுக்க முடியாது. போலியான ரிவ்யூ, போட்டி நிறுவனத்துக்காரரோ வேலையை விட்டுப் போனவரோ எழுதியது, ஆபாசம், மிரட்டல், சம்பந்தமே இல்லாத விஷயம், இப்படி விதியை மீறியதாக இருந்தால் புகார் கொடுக்கலாம், கூகுள் பார்த்து நீக்கும். ஆனால் "இவர் சொல்வது உண்மையில்லை" என்பதற்காக மட்டும் நீக்காது. யார் சொல்வது சரி என்ற வழக்கில் அவர்கள் நடுவராக உட்காருவதில்லை. ஆகவே நிஜமான வாடிக்கையாளர் கோபத்தில் எழுதியது அங்கேயேதான் இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு ஆரம்பிப்பது நல்லது.

எங்கள் அலுவலகத்தில் நாங்கள் முதலில் செய்தது, ஒன்று, இரண்டு ஸ்டார் ரிவ்யூக்கள் எல்லாவற்றையும் காகிதத்தில் அச்சடித்து, ஒவ்வொருவரும் எந்தக் கட்டத்தில் கோபப்பட்டார் என்று பிரித்து அடுக்கியது. விலை, கட்டுமானத் தரம் பற்றித்தான் நிறைய இருக்கும் என்று நினைத்தோம். அது கொஞ்சம்தான். பாதிக்கு மேல் ஒரே புகார்: "பணம் கட்டும்வரை நாளுக்குப் பத்து தடவை கூப்பிட்டார்கள், கட்டிய பிறகு போனையே எடுக்கவில்லை." இத்தனைக்கும் அவற்றில் பல கேஸ்களில் எங்கள் பக்கம் தவறே கிடையாது, வங்கியில் கடன் காகிதம் நின்றிருக்கும், அல்லது விற்பவர் வெளியூரில் இருந்திருப்பார். ஆனால் வாழ்நாள் சேமிப்பை ஒரே கையெழுத்தில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? மூன்று வாரம் யாரும் பேசவில்லை என்றால் ஏமாந்துவிட்டோம் என்றுதான் நினைப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அதனால் வெள்ளிக்கிழமைதோறும் முன்பணம் கட்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு மெசேஜ் போக வேண்டும் என்று வைத்தோம். சொல்ல ஒன்றுமில்லாவிட்டாலும், "இந்த வாரம் புதிதாக ஒன்றும் இல்லை, வங்கியின் பதிலுக்காகக் காத்திருக்கிறோம், செவ்வாய்க்கிழமை மறுபடி கேட்கிறோம்" என்று அனுப்ப வேண்டும். ஏஜென்ட்கள் ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள், ஒன்றும் இல்லை என்பதை எதற்குச் சொல்ல வேண்டும் என்று. இரண்டு மாதத்தில் அலுவலகத்துக்கு வரும் கோபமான போன்கள் குறைந்ததும் அவர்களே விடாமல் அனுப்ப ஆரம்பித்தார்கள். முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தால் எந்தத் தேதிக்குள் தருவோம் என்பதை எழுத்தில் கொடுக்கவும் தொடங்கினோம். ஸ்டார் எண்ணிக்கையை மாற்றியது இந்த இரண்டும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்புறம் பதில் எழுதுவது. நாம் எழுதும் பதிலை, திட்டியவரைவிட நாளைக்கு வீடு வாங்க வரப்போகிறவர்தான் அதிகம் படிக்கிறார். அதை மறந்தால் வாக்குவாதத்தில் இறங்கிவிடுவோம். நான் வந்து சேர்வதற்கு முன்பு எங்கள் அலுவலகத்தில் ஒருவர், "நீங்கள்தான் கடன் கிடைக்காமல் காலம் கடத்தினீர்கள்" என்று பொதுவெளியில் எழுதியிருந்தார். அது உண்மைதான், ஆனாலும் ஒருவருடைய கடன் விவகாரத்தை ஊரறியச் சொல்கிற அலுவலகத்தில் யார் தன் காகிதங்களைக் கொடுப்பார்? முதலில் போனில் பேசி, முடிந்ததைச் சரிசெய்து, பிறகு நான்கு வரி எழுதினால் போதும்: என்ன நடந்தது, எது எங்கள் தவறு, இப்போது என்ன செய்திருக்கிறோம், யாரைக் கூப்பிடலாம். எல்லோருக்கும் ஒரே "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று ஒட்டாதீர்கள். ரிவ்யூவை நீக்கச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம். முன்பணத்துக்காக ஏழு மாதம் அலைந்த ஒரு அம்மா, பணம் கையில் கிடைத்த பிறகு அவராகவே ஒன்றை மூன்று ஸ்டாராக்கி, "தாமதமாக வந்தது, ஆனால் இப்போது கூப்பிட்டால் பேசுகிறார்கள்" என்று சேர்த்தார். பின்னால் வந்த பலர் அந்த ரிவ்யூவைப் படித்துவிட்டு வந்ததாகச் சொன்னார்கள்.

பதில் எழுதுவதால் பலன் உண்டா என்று ஓட்டல்களை வைத்து ஓர் ஆய்வு நடந்திருக்கிறது, ப்ரொசெர்பியோ, ஜெர்வாஸ் இருவரும் 2017இல் வெளியிட்டது. பதில் எழுத ஆரம்பித்த ஓட்டல்களுக்கு ரிவ்யூக்கள் 12 சதவீதம் கூடின, சராசரி 0.12 ஸ்டார் ஏறியது. சின்ன எண்தான். நிர்வாகம் படிக்கிறது என்று தெரிந்தால், போகிற போக்கில் திட்டுபவர்கள் குறைகிறார்கள், குறை சொல்பவர்களும் விவரமாக எழுதுகிறார்கள் என்பதுதான் எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது.

காசுக்கு ஐந்து ஸ்டார் வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். 2024இல் மட்டும் விதிமீறிய 24 கோடிக்கும் மேற்பட்ட ரிவ்யூக்களைத் தடுத்தோம் அல்லது நீக்கினோம் என்று கூகுள் சொல்கிறது. பிடிபட்டால் புதிய ரிவ்யூ வரவிடாமல் நிறுத்தி, போலி ரிவ்யூ நீக்கப்பட்டது என்ற எச்சரிக்கையை உங்கள் பக்கத்திலேயே போடுவார்கள், நம்பிக்கையை மட்டுமே வைத்து நடக்கும் தொழிலில் அதைவிடப் பெரிய அடி வேறில்லை. அமெரிக்காவில் 2024 அக்டோபர் முதல், பிரிட்டனில் 2025 ஏப்ரல் முதல் போலி ரிவ்யூவுக்கு எதிரான தனி விதிகளே வந்துவிட்டன. ஊழியர்கள் எழுதுவது, தள்ளுபடி கொடுத்து எழுதச் சொல்வது, சந்தோஷமாக இருப்பவர்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கேட்பது, இவையும் கூகுள் விதிக்கு விரோதம். சாவி கொடுக்கும் அன்று எல்லோரிடமும் கேளுங்கள், சண்டை போட்டவரிடமும் கேளுங்கள். சாவி கையில் இருக்கும்போது மனிதர்கள் நியாயமாகத்தான் எழுதுகிறார்கள்.

வக்கீல் நோட்டீஸ் விடலாமா என்றும் நண்பர் கேட்டார். அப்பட்டமான பொய்க் குற்றச்சாட்டு என்றால் சரி, மற்றபடி வேண்டாம். பாடகி பார்பரா ஸ்ட்ரைசாண்ட் 2003இல் தன் கடற்கரை வீட்டுப் படத்தை இணையத்திலிருந்து எடுக்கச் சொல்லி வழக்குப் போட்டார். அதுவரை அந்தப் படத்தை இறக்கியது மொத்தம் 6 முறை, அதில் இரண்டு அவர் வக்கீல்களே. வழக்குச் செய்தி பரவியதும் ஒரே மாதத்தில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தளத்துக்குப் போனார்கள்.

பொறுமை வேண்டும், கணக்கே அப்படித்தான். ஒரே ஒரு ஒற்றை ஸ்டார் இருந்தால் சராசரி 4.5க்கு வர ஏழு ஐந்து ஸ்டார் தேவை. மாதத்துக்கு நான்கைந்து வீடு முடிக்கிற அலுவலகத்தில், எல்லோரும் எழுதுவதும் இல்லை என்னும்போது, ஒரு வருடம் ஆகலாம்.

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு நண்பரிடம், திருப்பித் தர வேண்டிய முன்பணம் இன்னும் எத்தனை பேருக்குப் பாக்கி என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நான்கு பேர் என்றார். அந்த நான்கு பேருக்கும் கொடுத்துவிட்டுக் கூப்பிடுங்கள், பதில் எழுத நானும் கூட வந்து உட்காருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.