குக்கரில் போன தட்டு

"திறந்து பார்க்கலாமா சார்?" என்று அந்தப் பதினொன்றாம் வகுப்புப் பெண் கேட்டாள். கூடாது என்றேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பள்ளிக் குடிநீர்த் தொட்டியின் தண்ணீரில் ஒரு சொட்டை, கிருமி வளர்க்கும் கூழான அகார் ஊற்றிய தட்டில் தடவியிருந்தாள். இரண்டு நாளில் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள்; ஒன்று மட்டும் சுருக்கம் விழுந்து கால் தட்டுக்குப் படர்ந்திருந்தது. மூடியில் நாலு இடத்தில்தான் டேப். முழுக்கச் சுற்றினால் காற்றில்லாமல் வளரும் ஆபத்தான கிருமி ரகங்களுக்கு வசதியாகிவிடும். பிரிட்டன் பள்ளிகளில் பொதுவாக 25 டிகிரிக்கு மேல் வளர்க்க விடுவதில்லை, உடம்புச் சூடு நோய்க்கிருமிக்குத் தோது என்பதால். எங்கள் ஆய்வகம் மார்ச்சிலேயே 34ஐத் தொடுகிறது. பிறகு எப்படித் திறக்க?

"அப்போ உள்ளே என்ன இருக்குன்னு எப்படி சார் தெரியும்?"

"தெரியாது. தெரியாததாலதான் திறக்கக் கூடாது."

"தெரியாத தண்ணியத்தானே சார் தினமும் குடிக்கிறோம்?"

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துவிட்டுப் பதில் சொன்னேன். சொட்டில் ஒன்றாக இருந்தது தட்டில் லட்சக்கணக்காகப் பெருகியிருக்கும், குடிப்பதும் இதை முகர்வதும் ஒன்றல்ல. சாதாரண அகாரில் எதுவும் வளரும், காலனி, அதாவது கிருமிகள் கூட்டமாகப் பெருகிய புள்ளி, தெரிவதாலேயே தண்ணீர் கெட்டது என்றாகாது. எல்லாம் சரியான பதில்தான். அவள் தலையாட்டினாள். தலைமையாசிரியர் பேசும்போது நாங்கள் ஆட்டுவோமே, அதே ஆட்டல்.

அன்று மாலையே கிருமிகளைக் கொல்லத் தட்டைக் குக்கரில் வைத்து, வெயிட் போட்டு, 121 டிகிரியில் 20 நிமிடம். ஆய்வகத்துக்கென்றே இருக்கும் குக்கர். விதிப்படிதான் செய்தேன். ஆனால் பிள்ளைகளின் கண்ணுக்கு? தொட்டியைப் பற்றிக் கேள்வி எழுந்த அன்றே சாட்சியை வேகவைத்துவிட்டார் என்று தோன்றியிருக்காதா? இன்னும் ஒரு நாள் வைத்திருக்கலாம் என்று நினைப்பேன். சனி, ஞாயிறு பூட்டிய அறையில் அது கிடப்பதை நினைத்தால், இல்லை, செய்ததே சரி என்று தோன்றும்.

தொட்டியைக் கழுவச் சொல்லி தலைமையாசிரியரிடம் பேசினேன்.

"தண்ணி சரியில்லையா?"

"தட்டை வெச்சு அப்படிச் சொல்ல முடியாது சார்."

"அப்புறம் என்ன?" என்றார்.

அவளிடம் சொன்ன அதே உண்மைதான். இங்கே அது தொட்டியைக் கழுவாமல் விடக் காரணமாகிவிட்டது.

குடிநீரைச் சோதிக்க ஹைட்ரஜன் சல்பைடு குப்பி கிடைக்கிறது. தண்ணீரை ஊற்றி வைத்தால் போதும். கறுத்தால் மலக்கிருமி கலந்திருக்கலாம் என்று சந்தேகிக்க வேண்டும். திறக்கவும் தேவையில்லை. ஆனால் கறுத்துவிட்டால் யாரிடம் சொல்வது, அது என் வேலையா? குப்பி வாங்க அனுமதிக் கடிதம் கொடுத்திருக்கிறேன். எந்தத் தண்ணீருக்கு என்று அதில் எழுதவில்லை.