கால்சியம் மட்டும் ஏன் ஏறுது?

தருமபுரியில் ஒரு சிறிய லேபில் வேலை பார்க்கிறேன். தினமும் கண்ட்ரோல் (மிஷினைச் சோதிக்க, மதிப்பு முன்பே தெரிந்த சாம்பிள்) போட வேண்டும் என்று சொன்னபோது ஓனர் கேட்டார்: "ஏம்மா, யாருக்கும் ரிப்போர்ட் தராத டெஸ்ட்டுக்கு எதுக்கு ரீஏஜென்ட்டைச் செலவு பண்றே?" நியாயமான கேள்விதான். கண்ட்ரோல் வயல், அதாவது அந்தச் சின்னக் குப்பி, அதன் விலையே கொஞ்சமல்ல. "ஒரு மாசம் போட்டுப் பாக்கலாம் சார்" என்று சொல்லித்தான் ஆரம்பித்தேன். வேலூர் சி.எம்.சி. நடத்தும் ஈ.க்யூ.ஏ.எஸ். என்ற வெளித் தர மதிப்பீட்டுத் திட்டத்திலும் சேர்ந்தோம். மாதாமாதம் அவர்கள் தரும் சாம்பிளை நாம் போட்டு அனுப்பினால், மற்ற லேப்களோடு ஒப்பிட்டு நாம் எங்கே நிற்கிறோம் என்று சொல்வார்கள்.

கண்ட்ரோலோடு வரும் தாளில் ஒரு ரேஞ்ச் இருக்கும். பல லேப்களில் அதற்குள் வந்துவிட்டால் போதும் என்று விட்டுவிடுகிறார்கள். அந்த ரேஞ்ச் ரொம்ப அகலம், யானையே நுழைந்துவிடும். குறைந்தது 20 நாள் மதிப்புகளைச் சேர்த்து நம் மிஷினுக்கான சராசரியையும் எஸ்.டி.யையும் (மதிப்புகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) நாமே கணக்கிட வேண்டும். பிறகு தினமும் கிராஃபில் ஒரு புள்ளி. லீவி-ஜென்னிங்ஸ் சார்ட் என்று படித்தோமே, 1950-ல் வந்தது, அதேதான். எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் இருபதில் ஒரு புள்ளி 2 எஸ்.டி.க்கு வெளியே விழத்தான் செய்யும். அதைப் பார்த்துப் பதறி, உள்ளே வரும்வரை திரும்பத் திரும்பப் போடுவதை க்யூ.சி. (தரக் கட்டுப்பாடு) என்று சொல்ல எனக்கு மனசு வராது.

முதலில் எல்லாம் நன்றாகவே போனது. கோடை தொடங்கியபின் கால்சியம் மட்டும் மேலே நகர்ந்தது. 2 எஸ்.டி.யைத் தாண்டவில்லை, ஆனால் எல்லாப் புள்ளிகளும் சராசரிக்கு மேலேயே. இந்தக் கிராஃபைப் படிக்க உதவும் வெஸ்ட்கார்டு விதிகளில் தொடர்ந்து பத்துப் புள்ளி ஒரே பக்கம் என்றால் நிறுத்திப் பார் என்று இருக்கிறது. சர்க்கரை, யூரியா, கிரியாட்டினின் எதிலும் அசைவில்லை. ஈ.க்யூ.ஏ.எஸ். ரிப்போர்ட்டிலும் கால்சியம் மட்டும் மற்ற லேப்களின் சராசரியிலிருந்து +2 எஸ்.டி.யைத் தாண்டி நின்றது.

இந்த ஊரில் கால்சியத்தை லேசாக விட முடியாது. மூட்டு வலி, இடுப்பு வலி என்று வருபவர்கள் அதிகம். தண்ணீரில் எலும்பைப் பாதிக்கும் ஃப்ளோரைடு உள்ள மாவட்டம், டாக்டர்கள் கால்சியமும் ஏ.எல்.பி.யும் (எலும்பின் நிலையைக் காட்டும் ஒரு நொதி) எழுதாமல் விடமாட்டார்கள்.

ரீஏஜென்ட் மாற்றினோம், காலிபரேஷன் போட்டோம் (தெரிந்த மதிப்பை வைத்து மிஷினின் கணக்கைச் சரிசெய்வது). அசையவில்லை. அப்புறம்தான் கிராஃபை நிதானமாகப் பார்த்தேன். ஏற்றம் நாளுக்கு நாள் இல்லை, புது வயல் கரைத்த நாட்களில் மட்டும் ஒரு படி. நார்மல், அப்நார்மல் இரண்டு கண்ட்ரோலிலும் ஏறியது ஏறக்குறைய ஒரே அளவு, அரை மில்லிகிராம். காலிபரேஷன் கோளாறு என்றால் விகிதப்படி, அதிக மதிப்புள்ள கண்ட்ரோலில் அதிகமாக ஏறியிருக்கும். இங்கே இரண்டிலும் ஒரே அளவு ஏதோ சேர்ந்திருக்கிறது. நோயாளிகளின் அன்றாடச் சராசரியோ இருந்த இடத்திலேயே இருந்தது.

கண்ட்ரோலும் ஈ.க்யூ.ஏ.எஸ். சாம்பிளும் பொடியாக வரும், நாம்தான் டி.ஐ. வாட்டர் (உப்புகள் நீக்கிய தண்ணீர்) விட்டுக் கரைக்கிறோம். நோயாளி சீரத்தில் அந்தத் தண்ணீர் சேராது. எங்கள் ரீஏஜென்ட்டும் ரெடிமேட் திரவம். அப்படியானால் தண்ணீர்தானே!

மெடிக்கல் ஷாப்பில் இன்ஜெக்‌ஷன் வாட்டர் வாங்கி ஒரு புது வயலைக் கரைத்தேன். அரை மணி நேரம் ஊறவிட்டு, குலுக்காமல் மெல்லச் சுழற்றிப் போட்டேன். புள்ளி சராசரிக் கோட்டிலேயே உட்கார்ந்தது. எங்கள் டி.ஐ. வாட்டரையே சாம்பிளாக வைத்துக் கால்சியம் போட்டேன். பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் எண் வந்தது. தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரும் இருபதை ஒட்டிக் காட்டியது.

ஒகேனக்கல் தண்ணீர் குறைந்ததால் கட்டடத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்திருக்கிறார்கள். அந்தக் கடினத் தண்ணீருக்கு, டி.ஐ. மிஷினில் உப்பைப் பிடித்துக்கொள்ளும் ரெசின் சீக்கிரமே தீர்ந்துவிட்டது. "ரெசின் மாத்தி ஆறு மாசம்கூட ஆகலையேம்மா" என்றார் ஓனர். சப்ளையர் சொன்ன ஆறு மாதக் கணக்கு காவிரித் தண்ணீருக்கானது, எங்கள் போருக்கு இல்லை.

புது ரெசின் போட்டோம். அடுத்த ஈ.க்யூ.ஏ.எஸ். ரிப்போர்ட்டில் கால்சியம் ஒரு எஸ்.டி.க்குள் வந்தது. காலையில் கண்ட்ரோல் போடும் முன் டி.டி.எஸ். பார்த்து அதே நோட்டில் எழுதுகிறோம். டி.டி.எஸ். 2 தாண்டினால் அன்று வயல் கரைப்பது இன்ஜெக்‌ஷன் வாட்டரில்தான். மெக்னீசியம் போடும் லேப்காரர்கள் அந்தக் கிராஃபையும் பார்த்துக்கொள்ளுங்கள், கடினத் தண்ணீரில் அதுவும் உண்டு.