ஈசூன் வீட்டில் புரதம் மடித்த கதை

2020 ஏப்ரலில் சிங்கப்பூரில் எல்லாரும் வீட்டோடு முடங்கியபோதுதான் என் மேசைக் கணினியில் ரொசெட்டா அட் ஹோம் போட்டேன். புரதங்கள் எப்படி மடிந்து வடிவம் பெறுகின்றன என்ற கணக்கை, விருப்பப்பட்டவர்களின் வீட்டுக் கணினிகளுக்குப் பிரித்து அனுப்பிப் போடவைக்கும் திட்டம் அது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பேக்கர் குழு 2005 முதல் நடத்துகிறது. கொவிட் கிருமியின் புரதங்களையும் அப்போது ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

நிறுவுவது எளிது. இப்படிப்பட்ட திட்டங்களை ஓட்டும் பாயிங்க் (BOINC) மென்பொருளை இறக்கி, திட்டத்தைத் தேர்ந்தெடுத்து, மின்னஞ்சல் கொடுத்தால் வேலை தானாக வந்து சேரும். புரதம் என்ற அமினோ அமிலச் சங்கிலியை விதவிதமாக மடித்துப் பார்த்து, ஆற்றல் மிகக் குறைந்த வடிவத்தைத் தேடுவதே அந்த வேலை. ஒவ்வொரு கணினியும் வெவ்வேறு தொடக்க வடிவத்திலிருந்து தேடும். திரையில் அந்தப் புரதம் வண்ண நாடாவாக நெளிந்துகொண்டே இருக்கும். சாப்பாட்டை மறந்து பார்த்திருக்கிறேன். வடிவம் தெரிந்தால், பணி தெரிந்த புரதங்களோடு ஒப்பிட்டு இது என்ன செய்யும் என்று ஊகிக்கலாம். 2004இல் ஐபிஎம் தொடங்கிய, இதேபோல் வீட்டுக் கணினிகளைப் பயன்படுத்தும் வோர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டின் முதல் திட்டமே மனிதப் புரதங்களை இப்படி ஆராய்வதுதான்.

தலைவலி சூடுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில், வீவக வீட்டின் சின்ன அறையில், சிபியுவின் (கணினியின் மையச் செயலி) எல்லா கோர்களும், அதாவது கணக்குப் போடும் கூறுகளும், ஓடினால் அறை அடுப்படி ஆகிவிடும். "ஆளில்லாத ரூம்ல என்னடா இரைச்சல்?" என்று அம்மா எட்டிப் பார்ப்பார். இரவுபகலாகக் கூடுதலாக 100 வாட் என்று வைத்தாலும் மாதத்துக்கு 72 யூனிட் மின்சாரம். குளிர்சாதனச் செலவு தனி. இலவச அறிவியல் என்பதெல்லாம் சும்மா பேச்சு.

பாயிங்க் அமைப்புகளில் சிபியு நேரத்தை 50 விழுக்காடாக்கினேன். கணினி ஓடி நின்று ஓடி நிற்க, விசிறி சத்தம் ஏறி இறங்கி இன்னும் எரிச்சல். அதை 100க்கே திருப்பி, கோர்களின் எண்ணிக்கையைப் பாதியாக்கியதும் அடங்கியது. நினைவகத்துக்கும் அதுவே நல்லது. ஒரு வேலையே ஒரு ஜிபிக்கு மேல் விழுங்கும்.

புரத வடிவத்தைக் கணிக்கும் கூகுள் டீப்மைண்டின் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஃபோல்டு வந்தபிறகு இது வீண் என்பவர்கள் உண்டு. வடிவக் கணிப்பில் அது எங்கோ முன்னே போய்விட்டது, மறுக்கவில்லை. ஆனால் 2024 வேதியியல் நோபல் பரிசில் பாதி, புதுப் புரதங்களை வடிவமைத்ததற்காக பேக்கருக்குத்தான் போனது. அந்த வடிவமைப்பு வேலைகளும் நம் கணினிகளுக்கு வந்திருக்கின்றன.

மடிக்கணினியில் இதைப் போடாதீர்கள். ஊருக்குப் போவதாக இருந்தால் முதலில் 'புதிய வேலை வேண்டாம்' என்பதை அழுத்தி, கையில் இருப்பதை முடித்து அனுப்பிவிடுங்கள். கெடு தாண்டினால்தான் அது வேறொருவருக்குப் போகும். அதுவரை ஆய்வுக்குழுவினர் அங்கே காத்துக் கிடப்பார்கள்.