திருப்பணிக்கு முன்பே கல்வெட்டைப் படம் பிடித்துவிடுங்கள்

திருப்பணிக்காக இறைவனைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயம் முடிந்ததும் சாரம் ஏறிவிடும். கோயில் கல்வெட்டுகளுக்கு அதைவிட ஆபத்தான காலம் கிடையாது. எழுத்தின் ஆழம் பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான். எண்ணெய்ப் பிசுக்கைப் போக்க மணல்வீச்சு இயந்திரத்தைத் திருப்பினால் விளிம்பு மழுங்கி, வரி முழுவதும் வெறும் சொரசொரப்பாகிவிடும். தரையை உயர்த்திப் புதுக்கல் பதித்தால் சுவரடிப் பீடத்தின் கீழ்ப்பட்டையான ஜகதியின் கீழ்வரிகள் புதைந்துபோகும்.

திருவல்லிக்கேணிப் பார்த்தசாரதி கோயிலில் பல்லவன் தந்திவர்மன் காலக் கல்வெட்டு இருக்கிறது. அடமானத்துக்குப் போன கோயில் நிலத்தை ஒருவர் மீட்டுக்கொடுத்து, இறைவனுக்கு அமுதுபடி தடையின்றி நடக்கச் செய்ததை அது சொல்கிறது. இப்படியொரு செய்தி அந்தக் கல்லில் மட்டும்தான் கிடைக்கும்.

"அரசு எப்போதோ படியெடுத்துவிட்டதே" என்பார்கள். 1887 முதல் கல்வெட்டு ஆண்டறிக்கைகள் வருவது உண்மைதான். ஆனால் அவற்றில் பெரும்பாலும் சுருக்கம்தான் இருக்கும். சோழர் காலக் கல்வெட்டுகளில் புள்ளி அரிது. காலும் (நெடிலுக்கான 'ா' குறி) ரகரமும் ஒன்றுபோலவே இருக்கும். 'கா'வா, 'கர'வா என்ற ஐயம் வந்தால் மூலக் கல்லிடம்தான் திரும்பப் போக வேண்டும்.

முதலில் கோயிலின் செயல் அலுவலரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கோயில்களில் கைபேசிக்குத் தடை சொன்னபின், வாய்ச்சொல்லை நம்பிப் போவது வீண். கருவறைப் பக்கம் படமெடுக்க அனுமதி கேட்கவே வேண்டாம்.

படத்துக்கு வெளிச்சம்தான் உயிர். நேராக ஃப்ளாஷ் அடித்தால் எழுத்துக்குழியின் நிழல் செத்துவிடும். டார்ச்சைச் சுவரோடு ஒட்டினாற்போல் சாய்த்துப் பிடியுங்கள். இடமிருந்து ஒன்று, மேலிருந்து ஒன்று என்று ஒரே பகுதியை இருமுறையாவது எடுங்கள். கிடைக்கோடு ஒரு வெளிச்சத்தில் மறையும், இன்னொன்றில் எழும். அடுத்தடுத்த படங்கள் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றன்மேல் ஒன்று விழட்டும். அளவுகோல் படத்தின் ஓரத்தில் இருக்கட்டும், எழுத்தின் மேல் வேண்டாம்.

சாக்பீஸ், மாவு, கரி எதையும் பூசாதீர்கள். பூசுகிறவர் தான் நினைத்த எழுத்தை வரைந்துவிடுவார். அடுத்து வருபவர் அதையே படிப்பார்.

இடக்குறிப்பு இல்லாத படம் பாதிப் படம்தான். 'தென்சுவர், ஜகதி, கிழக்கிலிருந்து இரண்டாம் கல், 3ஆம் வரி' என்று எழுதுங்கள். சுவரைத் தாங்கும் பீடமான அதிட்டானத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டில் ஒரு வரி பல கற்களைத் தாண்டிப் போகும். பிரித்துக் கட்டும்போது கற்கள் இடம் மாறினால், வரிசையை மீட்க உங்கள் படம் மட்டும்தான் இருக்கும். திருவொற்றியூர் போல நூற்றுக்கும் மேல் கல்வெட்டுள்ள கோயிலில் இந்தக் குறிப்பு இல்லாமல் ஒன்றும் ஓடாது. பிரிப்பதற்கு முன் எழுத்தில்லாத முகத்தில் எண் இடச் சொல்லி ஸ்தபதியிடம் கேளுங்கள். பொறுமையாகச் சொன்னால் பலர் கேட்கிறார்கள்.

கல்லில் தாளை ஒட்டி, மை ஒற்றி நகலெடுக்கும் மைப்படி பயிற்சி பெற்றவர் வேலை. கல்லைத் தண்ணீரும் நார்த்தூரிகையும் கொண்டு கழுவி (கம்பித்தூரிகை கூடவே கூடாது), நனைத்த தாளை ஒட்டி, காற்றுக்குமிழ் போகும்வரை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்ட வேண்டும். தாள் எழுத்துக்குழிக்குள் இறங்கும். ஈரம் வாடிவரும் நேரத்தில் துணிப்பந்தால் மை ஒற்றினால், கருப்பில் வெள்ளையாக எழுத்து நிற்கும். அவசரப்பட்டால் மை ஊறிக் கல்லில் கறை பிடிக்கும். தாமதித்தால் தாள் கழன்று நழுவும். சென்னை வெயிலில் கருங்கல் சீக்கிரமே சூடேறிவிடும் என்பதால் விடியற்காலையில்தான் தொடங்க வேண்டும்.

எடுத்த படங்களைச் சுருக்காமல் மூலக் கோப்பாகவே வையுங்கள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் நுணுக்கம் போய்விடும். கோயில் அலுவலகத்துக்கு ஒரு பிரதியும், எழும்பூரில் உள்ள மாநிலத் தொல்லியல் துறைக்கு ஒரு பிரதியும், இடக்குறிப்புத் தாளோடு சாரம் கட்டுவதற்குள் கொடுத்துவிடுங்கள்.